எடிங்டனின் இரு தீர்ப்புகள்: விஞ்ஞான நோக்கில் விசுவாசத்தின் பங்கு பற்றி ஒரு திறனாய்வு

விஞ்ஞானியும் தன் நம்பிக்கையின் வழியாகவே உலகைக் காண்கிறான் என்னும் வாதம் அண்மைக் காலமாக நம் பிரசங்க பீடங்களிலும் வாலிபர் கூடுகைகளிலும் அடிக்கடி கேட்கப்படுகிறது. முன்னாளில் விஞ்ஞானத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்கியிருந்த போதகர்களும் இன்று இவ்வாதத்தைக் கையிலெடுத்துத் துணிவோடு பேசுகின்றனர். அதன் போக்கு இவ்வாறு அமைகிறது: கலப்பற்ற காட்சி என்று ஒன்று இல்லை, காண்பவனுடைய முற்கோள்கள் காட்சியோடு கலந்தே வருகின்றன, ஆகவே விஞ்ஞானியின் கூற்றும் ஒருவகை விசுவாச அறிக்கையே, நம்முடையதும் விசுவாச அறிக்கையே, இரண்டும் ஒரே தளத்தில் நிற்பதால் யாரும் யாரையும் கேள்வி கேட்கவேண்டுவதில்லை. இவ்வாதத்தின் முற்பகுதி மெய்யானது. பிற்பகுதி அதிலிருந்து பிறவாதது. இரண்டுக்கும் இடையேயுள்ள பள்ளத்தைக் கவனியாமலே நம் மாணவர்கள் தாண்டிச் செல்கின்றனர். அப்பள்ளத்தைச் சுட்டிக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாதம் நம்மிடையே தோன்றியதன்று. 1958இல் நார்வுட் ரசல் ஹான்சனும் மைக்கேல் பொலானியும், 1962இல் தாமஸ் கூனும் வெளியிட்ட நூல்களின் வழியாக அது இறையியல் கல்லூரிகளுக்குள் நுழைந்தது. பூமி சுழல்கிறதென்று கொள்பவரும் சூரியனே சுற்றி வருகிறதென்று கொள்பவரும் ஒரே விடியலை நோக்கும்போது ஒரே பொருளைத்தான் காண்கிறார்களா என்று ஹான்சன் கேட்டார். அறிகிறவனுடைய ஈடுபாடு இன்றி அறிவே இல்லை என்று பொலானி வாதித்தார். விஞ்ஞானிகள் தம் காலத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட ஒரு மாதிரிக்குள் நின்றுகொண்டே காண்கின்றனர் என்று கூன் விளக்கினார். ஆனால் எல்லாக் கூற்றுகளும் சமமானவை என்று இம்மூவருள் ஒருவரும் முடிவு கூறவில்லை. பொலானி அம்முடிவைத் தவிர்ப்பதற்காகவே எழுதினார். கூனோ தம்மேல் சுமத்தப்பட்ட அக்கருத்தை மறுப்பதில் பல ஆண்டுகளைச் செலவிட்டார். பிறர் தோட்டத்துக் கனியைப் பறித்துவந்த நம்மவர் அதன் கொட்டையை அங்கேயே விட்டுவிட்டனர்.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை நம் பழைய திருப்புதலில் மனனம் செய்த ஞாயிறு பள்ளிப் பிள்ளையும் இதனை அறியும். விசுவாசம் ஒருவரைச் சார்ந்து நிற்பது. நம்பிக்கை வரவிருப்பதை எதிர்நோக்குவது. இவ்விரண்டோடும் சேராத மூன்றாவது ஒன்று உண்டு: ஆராயத் தொடங்குமுன்பே மெய்யென்று கொள்ளப்படுவது. அதனையே முற்கோள் என்கிறோம். மேற்கண்ட வாதம் இம்மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து எழுதுகிற நமக்கு இது ஏட்டளவான வினா அன்று. 1930களில் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிவந்த கரிய பொருளை வெறும் சேறென்று ஒதுக்காமல் அரசினருக்கு அறிவித்த ஜம்புலிங்க முதலியாரின் பெயரை இவ்வட்டாரம் மறக்கவில்லை. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. அந்நகரியத்தில் பொறியாளராகவும் சுரங்கத் தொழிலாளராகவும் பணிபுரிவோர் நம் ஆராதனைகளில் அமர்ந்திருக்கின்றனர். மண்ணுக்கு அடியில் மரம் கரியாய்க் கிடப்பதைக் கண்ணாரக் கண்டவர்கள் அவர்கள். 1961இல் விட்கோம், மாரிஸ் என்னும் இரு அமெரிக்கர் ஜலப்பிரளயத்தைப் பற்றி எழுதிய நூலின் வழிவந்த துண்டுப் பிரசுரங்களோ, நிலக்கரியெல்லாம் நோவாவின் நாட்களில் ஓராண்டுக்குள் புதைந்த மரமே என்கின்றன. இதைக் குறித்து அப்பொறியாளர் வினவும்போது, ‘நீங்களும் விசுவாசத்தினால்தானே காண்கிறீர்கள்’ என்று சொல்லி வாயடைத்துவிடுவது எளிது. இவ்விடை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை, நம் சென்னையில் படித்த ஒருவரும் அவருக்கு எதிர்நின்ற பக்தியுள்ள ஒரு விஞ்ஞானியும் சம்பந்தப்பட்ட வழக்கை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

ஆர்தர் எடிங்டன் (1882–1944) கேம்பிரிட்ஜில் வானியற் பேராசிரியர். பிறப்பாலும் உறுதியாலும் குவேக்கர் சபையார். முதல் உலகப் போர் நடந்த காலத்தில், மனச்சாட்சியின் பேரில் போர்ச்சேவை மறுப்பவராகத் தம்மை வெளிப்படையாக அறிவித்துக்கொண்டார். ஜெர்மானியரின் பெயரைக் கேட்டாலே ஆங்கிலேயர் முகம் சுளித்த அந்நாட்களில், பெர்லினிலிருந்த ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கையை ஆங்கில உலகுக்கு எடுத்துரைத்தவரும் இவரே. பகைமையால் பிளவுண்ட மக்களை உண்மையைத் தேடும் பணி ஒன்றாக்கும் என்பது அவருடைய சமய உறுதியின் ஒரு பகுதியாயிருந்தது. ஆகவே அக்கொள்கை மெய்ப்பிக்கப்படவேண்டும் என்னும் விருப்பம் அவருக்கு இருந்தது. அதை அவர் மறைத்ததுமில்லை.

சூரியனை ஒட்டி வரும் விண்மீனின் ஒளி அதன் ஈர்ப்பினால் சற்று வளையும், அவ்வளைவு 1.75 விகலை இருக்கும் என்பது ஐன்ஸ்டைனின் கணிப்பு. நியூட்டனின் விதிப்படி கணக்கிட்டால் அதில் பாதியளவே வரும், அதாவது 0.87 விகலை. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறே விகலை என்பதை நினைவிற்கொண்டால் இவ்வேறுபாட்டின் நுண்மை புலப்படும். முழுச் சூரிய கிரகணத்தின்போது மட்டுமே சூரியனருகே விண்மீன்களைப் படம்பிடிக்க முடியும். 1919 மே 29 அன்று நேர்ந்த கிரகணத்துக்காக இரு குழுக்கள் அனுப்பப்பட்டன. எடிங்டனும் காட்டிங்காமும் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிப்பே தீவுக்கும், கிராமலினும் டேவிட்சனும் பிரேசிலின் சொப்ராலுக்கும் சென்றனர். இரண்டையும் ஏற்பாடு செய்தவர் அரச வானியலாளராயிருந்த பிராங்க் டைசன்.

பிரின்சிப்பேயில் மேகம் மறைத்தது. எடுக்கப்பட்ட 16 புகைப்படத் தகடுகளில் இரண்டே பயன்பட்டன; அவை தந்த அளவு 1.61 விகலை. சொப்ராலில் இரு கருவிகள் இருந்தன. நான்கு அங்குலக் கண்ணாடி கொண்ட சிறிய தொலைநோக்கி 1.98 என்றது. பெரிய கருவியின் தகடுகளோ 0.93 என்றன, அது நியூட்டன் பக்கம் சாய்ந்த எண். அப்பெரிய கருவியின் குவியம் கெட்டுவிட்டதென்று கூறி அவ்வளவு ஒதுக்கப்பட்டது. 1919 நவம்பர் 6 அன்று லண்டனில் அரச கழகமும் அரச வானியல் கழகமும் கூடிய கூட்டத்தில் ஐன்ஸ்டைனின் வெற்றி அறிவிக்கப்பட்டது.

எடிங்டன் தாம் காண விரும்பியதையே கண்டார், வேண்டாத அளவைத் தள்ளினார் என்னும் குற்றச்சாட்டு இவ்வெண்களிலிருந்தே எழுந்தது. 1980இல் எர்மனும் கிளைமூரும் அதனைக் கூர்மையாக முன்வைத்தனர். 1993இல் காலின்சும் பிஞ்சும் எழுதிய நூல் அதனைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. நம் மேடைப் பேச்சாளர் சிலர் கையாளும் ‘எடிங்டன் பொய்க்கணக்கு எழுதினார்’ என்னும் செய்தி இவற்றின் தேய்ந்த எதிரொலியே. ஆனால் இவ்வழக்கில் அடிக்கடி மறக்கப்படும் விவரங்கள் சில உண்டு. சொப்ரால் தகடுகளை அளந்தவர்கள் கிரீனிச்சிலிருந்த டைசனின் குழுவினர். பெரிய கருவியின் அளவை ஒதுக்கும் தீர்மானமும் அங்கேயே எடுக்கப்பட்டது. டைசனுக்கோ ஐன்ஸ்டைன்மேல் எடிங்டனுக்கிருந்த பற்று இருந்ததில்லை. ஒதுக்கப்பட்ட அளவு மறைக்கப்படவுமில்லை. ஒதுக்கப்பட்ட காரணத்தோடு அறிக்கையில் அச்சிடப்பட்டது. தகடுகள் பேழையில் காக்கப்பட்டன. 1979இல் கிரீனிச்சில் புதிய கருவிகொண்டு அவை மீண்டும் அளக்கப்பட்டபோது, சிறிய கருவியின் தகடுகள் 1.90 விகலையும், முன்பு ஒதுக்கப்பட்ட பெரிய கருவியின் தகடுகள் 1.55 விகலையும் தந்தன. பிந்திய எண்ணில் பிழைக்கு இடம் அதிகம் என்றாலும் அது இப்போது ஐன்ஸ்டைனின் பக்கமே சாய்ந்து நிற்கிறது.

எனினும் எடிங்டனை முழுமையாக விடுவிக்கவும் நமக்கு மனமில்லை. தம்மட்டில் விட்டிருந்தால் இப்பயணத்துக்கே திட்டமிட்டிருக்கமாட்டேன், அக்கொள்கை மெய்யென்பதில் தமக்கு ஐயமே இல்லை என்று அவர் பிற்காலத்தில் ஒரு இளைஞரிடம் கூறினார். சோதனைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவைத்திருந்த மனம் அது. ஆனால் அம்மனத்தின் சாய்வை யாவரும் அறிந்திருந்தனர். அறிந்திருந்ததால் வேலிகள் போடப்பட்டிருந்தன: இரண்டு இடம், மூன்று கருவி, அளப்பதற்கு வேறு கைகள், காத்துவைத்த தகடுகள். பிரின்சிப்பே தகடுகள் இன்று கிடைப்பதில்லை. சொப்ரால் தகடுகள் கிடைக்கின்றன. ஆகவே வழக்கு அவருடைய சொல்லை மட்டும் நம்பி நிற்கவில்லை.

அதே ஆண்டுகளில் நம் கோடைக்கானல் மலையிலும் இக்கொள்கையின் மற்றொரு கணிப்பு சோதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. சூரிய ஒளியின் நிறமாலைக் கோடுகள் ஈர்ப்பினால் சிவப்புப் பக்கம் சற்று விலகும் என்பது அக்கணிப்பு. சூரியக் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் அங்கே கண்டறிந்த ஜான் எவர்ஷெட், இவ்விலக்கத்தையும் அளந்தார். அளவுகள் விளிம்பில் ஒருவிதமாகவும் நடுவில் ஒருவிதமாகவும் இருந்தன. வாயுக்களின் ஓட்டத்தைக் கண்டு பழகிய அவர் கண்ணுக்கு இதுவும் ஓட்டமாகவே தோன்றிற்று; பூமியே சூரிய வாயுக்களை விலக்கித் தள்ளுகிறதோ என்றுகூட எண்ணினார். இன்று நமக்கு நகைப்பூட்டும் எண்ணம்தான். ஆனால் அவர் அதனை நெஞ்சுக்குள் பூட்டி வைக்கவில்லை. அது மெய்யானால் சூரியனின் மறுபக்க ஒளியில் அவ்விலக்கம் வேறுபடவேண்டுமல்லவா? அம்மறுபக்க ஒளியைத் திருப்பித் தரும் வெள்ளிக் கோளை நோக்கித் தம் கருவியைத் திருப்பினார். பின்னர் அவ்வெண்ணத்தை விட்டு ஐன்ஸ்டைனின் விளக்கத்தை ஏற்றார். அமெரிக்காவில் மவுண்ட் வில்சனில் 1917இல் அவ்விலக்கம் இல்லையென்று அறிவித்த செயின்ட் ஜான், 1923இல் உண்டென்று அறிவித்தார். 1919க்குப் பின் கண்களே மாறின என்று ஐயுறுவோர் உண்டு. அவ்வையத்தில் நியாயமும் உண்டு.

இனி இரண்டாம் தீர்ப்பு. மேலே குறித்த இளைஞர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர், பயணத்தின்போதே ஒரு கணக்கைத் தொடங்கினார். எரிபொருள் தீர்ந்து சுருங்கும் விண்மீன் வெள்ளைக் குள்ளனாக அமைதியடையும் என்பது அன்றைய கருத்து. சார்புக் கொள்கையைச் சேர்த்துக் கணக்கிட்ட சந்திரசேகர், ஒரு வரம்புக்கு மேற்பட்ட நிறையுள்ள விண்மீனுக்கு அவ்வமைதி கிட்டாது என்று கண்டார். அவ்வரம்பு சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. கேம்பிரிட்ஜில் எடிங்டன் இவ்வேலையில் மிகுந்த அக்கறை காட்டினார். அடிக்கடி அவர் அறைக்கு வந்து கணக்கின் போக்கைக் கவனித்தார். கணக்கிடும் இயந்திரம் ஒன்று கிடைக்கவும் உதவினார்.

1935 ஜனவரி 11 அன்று அரச வானியல் கழகத்தில் சந்திரசேகர் தம் முடிவை வாசித்தார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். அவர் என்ன பேசப்போகிறார் என்பதைச் சந்திரசேகரிடம் ஒருபோதும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட விண்மீன் சுருங்கிக்கொண்டே போய், தன் ஒளியும் வெளியேறாதபடி ஈர்ப்பு மிகுந்து, இறுதியில் அடங்கும் என்று எடிங்டன் விளக்கினார். இன்று கருந்துளை என்று நாம் அழைப்பதை அவ்வவையில் எவரைக்காட்டிலும் தெளிவாகக் கண்டவர் அவரே. கண்டபின், இது அபத்தம், விண்மீன் இவ்வாறு நடவாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாகவேண்டும் என்று தீர்த்துவிட்டார். அவை சிரித்தது. கூட்டம் கலைந்தபின் பலர் அந்த இருபத்துநான்கு வயது இளைஞரிடம் வந்து பரிதாபம் தெரிவித்துச் சென்றனர்.

எடிங்டனின் பக்தியே அவர் கண்ணை மறைத்தது என்று கூறுவோருக்கு நம் விடை இது. இயற்பியலைக் கொண்டு சமயத்தை நிலைநாட்ட முயல்வதை எடிங்டன் வெளிப்படையாக மறுத்தவர். 1929இல் குவேக்கர் சபையார்முன் அவர் ஆற்றிய சொற்பொழிவில் இவ்வெச்சரிக்கையைக் காணலாம். 1935இல் குறுக்கே நின்றது அவர் விசுவாசம் அன்று. இயற்கையின் அடிப்படை விதிகளையும் எண்களையும் சிந்தனையினாலேயே வருவித்துவிடலாம் என்று அவர் நாளடைவில் வளர்த்துக்கொண்ட உறுதியே குறுக்கே நின்றது. அம்முயற்சியின் முடிவான நூல் அவர் இறந்தபின் 1946இல் வெளிவந்தது. அதனை ஏற்றோர் மிகச் சிலரே. விசுவாசத்தை விசுவாசம் என்று அறிந்திருந்தவர், முற்கோளை முற்கோள் என்று அறியாதிருந்தார். அது அவருக்கு இயற்பியலாகவே தோன்றிற்று. ஆகவே அதற்கு வேலி போடவேண்டும் என்று அவரும் நினைக்கவில்லை, அவர் புகழில் மயங்கியிருந்த அவையும் நினைக்கவில்லை. சந்திரசேகர் இந்தியர் என்பதால் இவ்வாறு நேர்ந்தது என்பாரும் உளர். அக்காலத்து ஏகாதிபத்திய மனப்பான்மையை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் இந்த ஒரு செயலுக்கு அதுவே காரணம் என்று காட்டப் போதிய சான்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

தன் முற்கோளை ஒருவன் தானே அறிவது கூடுமா என்று கேட்கலாம். பெரும்பாலும் கூடாது, பிறர்தாம் அறிவிக்கவேண்டும். இங்கேதான் 1935இன் வேதனை ஆழமாகிறது. கோபன்ஹேகனிலிருந்த நீல்ஸ் போரும் ரோசன்ஃபெல்டும், வோல்ஃப்காங் பவுலியும், எடிங்டனிடமே பிழை என்று தனிமுறையில் ஒப்புக்கொண்டனர். வெளிப்படையாக எழுதித் தரும்படி சந்திரசேகர் கேட்டபோது ஒருவரும் முன்வரவில்லை. டிராக், பையர்ல்ஸ், பிரைஸ் என்னும் மூவர் எடிங்டனின் முறையை மறுத்து எழுதியது 1942இல். அதற்குள் சந்திரசேகர் அமெரிக்காவுக்குச் சென்று, 1939இல் தம் ஆராய்ச்சியை ஒரு நூலாக எழுதி முடித்துவிட்டு, வேறு துறைக்குத் திரும்பிவிட்டார். 1983இல் நோபெல் பரிசு வந்தபோது அவருக்கு வயது எழுபத்துமூன்று. எடிங்டன் 1944இல் மறைந்தபோது சிகாகோவில் அவருக்கு மரியாதை மிகுந்த இரங்கலுரை ஆற்றியவரும், 1982இல் கேம்பிரிட்ஜில் அவர் நூற்றாண்டுச் சொற்பொழிவை நிகழ்த்தியவரும் இதே சந்திரசேகர்தாம். தம்மை நாத்திகர் என்று சொல்லிக்கொண்ட அவரிடம் காணப்பட்ட இப்பெருந்தன்மையைச் சபை வரலாற்றில் தேடினால் அடிக்கடி கிடைப்பதில்லை.

அரங்கில் இருந்தவர்களின் மௌனமும் சிரிப்பும் நமக்குப் புதியவை அல்ல. சினட் கூட்டங்களில் மூத்தவர் ஒருவர் எழுந்து ஒரு நகைச்சுவையால் இளைய போதகரின் வாதத்தைக் கரைத்துவிடுவதையும், வெளியே தேநீர் அருந்தும்போது நால்வர் வந்து தோளைத் தட்டி ‘நீங்கள் சொன்னதுதான் சரி, ஐயா’ என்பதையும் யார் காணவில்லை? பிரசங்க பீடத்தின் அமைப்பையும் எண்ணிப் பாருங்கள். அங்கே பேசுபவருக்குப் பின் எவரும் பேசுவதில்லை. ஆராதனைக்கு அது தகும். நிலத்தின் வயதைப் பற்றிப் பேசும்போது அது 1935 ஜனவரியின் இரண்டாம் பேச்சாளருக்குக் கிடைத்த அதே சலுகை.

இப்போது நிலக்கரிக்கு வருவோம். நெய்வேலிப் படிவம் மயோசீன் காலத்தது, அதாவது ஏறத்தாழ 50 லட்சம் முதல் 230 லட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டது என்று முன்னர்க் கொள்ளப்பட்டது. அதிலுள்ள மகரந்தத் துகள்களை ஆராய்ந்த பிற்கால ஆய்வாளர் பலர், அது அதற்கும் மிக முந்திய இயோசீன் காலத்தது என்றனர். முன்னவர்கள் தம் முற்கோளோடுதான் கண்டனர். சூழ்ந்த மணற்பாறையின் வயதே கரியின் வயதையும் காட்டும் என்று கொண்டனர். பின்னவர்களும் எந்த மகரந்தம் எந்தக் காலத்துக்கு அடையாளம் என்னும் முற்கோளோடுதான் கண்டனர். இதனை விசுவாசப் போர் என்று யாரும் அழைக்கவில்லை. கரித்துண்டு மேசைமேல் இருக்கிறது; நுண்ணோக்கியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்; இன்ன துகள் கிடைத்தால் என் கூற்று வீழும் என்று இரு தரப்பாரும் சொல்லக்கூடும். பிரளயத் துண்டுப் பிரசுரங்களில் நாம் தேடியும் காணாதது இந்த ஒரு வாக்கியமே. சுரங்கத்திலிருந்து எது கிடைத்தால் தம் கூற்றைத் திரும்பப் பெறுவர் என்று அவை கூறுவதில்லை. ஆகவே இரண்டும் சம தளத்தில் நிற்கின்றன என்பது பொருந்தாது. ஆதியாகமத்தின் ஆசிரியரை இவ்வழக்கில் சாட்சியாக இழுப்பதும் முறையன்று. நோவாவோடு தேவன் செய்த உடன்படிக்கையை எழுதியவரிடம் மண்ணடுக்கு அறிக்கையைக் கேட்கிறோம்.

நகரியத்து வாலிபர் கூடுகைகளில் இப்பொருள் மீண்டும் வரத்தான் போகிறது. அங்கே வழக்கமாகப் பொறியாளர் முதலில் பேசுவார். போதகர் பின்னர் எழுந்து முடித்துவைப்பார். ஜெபத்தோடு கூட்டம் கலையும். அவ்வரிசையை ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம். போதகர் முதலில் பேசட்டும். பொறியாளர் ஒரு கரித்துண்டோடு வந்து, பிறகு பேசட்டும். ஜெபத்துக்கு முன் கால் மணி நேரம் கேள்விகளுக்கு விடப்படட்டும்.